இலத்திரனியற் சான்றிதழும் அதனைத் தன்னியக்கமாய்ப் பெறும் முறையும்

நம் நாட்டிலே காணியொன்றை விற்போரும் வாங்குவோரும் நொத்தாரிசிடம் செல்வது நெடுநாள் வழக்கம். காணி பற்றிய உறுதி நொத்தாரிசு முன்னிலையிலும் சாட்சிகள் இருவர் முன்னிலையிலும் ஒப்பமிடப்படல் வேண்டுமென 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் விதித்தது. நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்விதியின் கருத்துத் தேயாது நிற்பதன் காரணம் யாது? ஒப்பம் மாத்திரம் போதாது; அவ்வொப்பம் இன்னாருடையதேயென்று இரு திறத்தாரும் நம்பத்தக்க மூன்றாமவர் ஒருவர் எழுதிவைத்தல் வேண்டும் என்பதேயாம்.

இணையத்தின் வழியாக ஒருவர் தம் வங்கிக் கணக்கைத் திறக்கும்போதும், கட்டணம் செலுத்தும்போதும், மருத்துவ அறிக்கையைப் பெறும்போதும் இதே ஐயம் எழுகின்றது. மறுமுனையிலே நின்று விடைதருவது உண்மையில் அவ்வங்கிதானா? அன்றி, அதன் வேடம் பூண்ட வேறொருவனா? இவ்வினாவுக்கு மூன்றாமவர் தரும் எழுத்துமூல விடையே இலத்திரனியற் சான்றிதழ். இதனை மனிதர் தம் கையால் விண்ணப்பித்துப் பெற்ற காலம் மாறி, கணினியே விண்ணப்பித்துக் கணினியே பெற்றுக்கொள்ளும் காலம் வந்துள்ளது. இம்மாற்றம் நிகழ்ந்தவாற்றையும், இதிலே இயந்திரத்திடம் ஒப்படைக்கத்தக்கது யாது, ஒப்படைக்கத் தகாதது யாது என்பதையும் உயர்தர வகுப்பு மாணவரும், தத்தம் நிறுவனங்களின் இணையத்தளங்களைப் பேணும் பழைய மாணவரும் விளங்கிக்கொள்ளுமாறு கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. திறவுகோல் இரண்டு

பண்டைய மறையெழுத்து முறைகளில் அனுப்புவோரும் பெறுவோரும் ஒரே இரகசியத்தை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். ஒருவரையொருவர் கண்டிராத இருவர்க்கு இம்முறை பயன்படாது. 1976ஆம் ஆண்டிலே விற்ஃபீல்ட் டிஃபீ, மாட்டின் ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இத்தடையை நீக்கும் வழியைக் காட்டினர். ஒருவர்க்கு ஒரு திறவுகோலுக்குப் பதிலாக இரண்டு இருத்தல் வேண்டும். ஒன்றை எவர்க்கும் அறிவிக்கலாம், மற்றையதை எவர்க்கும் காட்டலாகாது என்பதே அவர்தம் கருத்து. முன்னையது பகிரங்கத் திறவுகோல். பின்னையது அந்தரங்கத் திறவுகோல். அடுத்த ஆண்டிலே மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த றிவெஸ்ற், ஷமீர், அடில்மன் என்னும் மூவர் இக்கருத்துக்குக் கணிதவுருவம் கொடுத்தனர்.

சிறிய எண்களைக் கொண்டு இதனை விளக்குவோம். 3, 11 என்னும் பகா எண்களின் பெருக்கம் 33. பகிரங்கத் திறவுகோல் 3 எனவும், அந்தரங்கத் திறவுகோல் 7 எனவும் கொள்க. நாம் ஒப்பமிட வேண்டிய செய்தி 4 என்னும் எண்ணாயின், அதன் ஏழாம் அடுக்கு 16384. அதனை 33ஆல் வகுக்க வரும் மீதி 16. இந்தப் 16 என்பதே நம் கையொப்பம். இதனைப் பெற்றவர் நம் பகிரங்கத் திறவுகோலைக் கொண்டு 16இன் மூன்றாம் அடுக்கைக் காண்பர். அது 4096, அதனை 33ஆல் வகுக்க மீதி 4. செய்தியும் மீதியும் ஒத்தமையால், ஏழு என்னும் எண்ணை அறிந்த ஒருவரே இவ்வொப்பத்தை இட்டிருத்தல் வேண்டுமென அவர் துணிவர். எனினும் அந்த ஏழை அவர் அறியார். 33ஐக் காரணிப்படுத்துவது பாலர் வகுப்புக் கணக்காகலாம். நடைமுறையிலோ பெருக்கம் அறுநூற்றுக்கு மேற்பட்ட இலக்கங்களை உடையதாயிருத்தலால், அதன் காரணிகளைக் காண்பது இக்காலக் கணினிகளுக்கு இயலாத காரியமாய் உள்ளது.

2. சான்றிதழின் உறுப்புகள்

இனி, ஒரு தொல்லை எஞ்சுகின்றது. "இதுவே இன்ன வங்கியின் பகிரங்கத் திறவுகோல்" என்று ஒருவன் நம்மிடம் ஓர் எண்ணைத் தந்தால், அது வங்கியின் எண்ணா, அவன் தன் எண்ணா என்பதை நாம் எவ்வாறு அறிவது? 1978இல் அதே நிறுவகத்தில் மாணவராயிருந்த லோறன் கோன்ஃபெல்டர் என்பவர் தம் இளமாணிப் பட்ட ஆய்வேட்டில் இதற்கு விடை கூறினார். பெயரையும் பகிரங்கத் திறவுகோலையும் ஒருங்கே எழுதி, நம்பத்தக்க ஒருவர் அதன்கீழ் ஒப்பமிட்டுக் கொடுத்தால் போதும் என்றார். அவ்வேட்டுக்கு அவர் இட்ட பெயரே சான்றிதழ் என்பது. 1988இல் வெளிவந்த எக்ஸ்.509 என்னும் நியமம் அதன் வடிவத்தை வரையறுத்தது.

இன்றைய சான்றிதழிலே காணப்படும் முதன்மையான உறுப்புகள் ஆறு. உரியவரின் பெயர், அஃதாவது இணையத்தளத்தின் ஆட்களப் பெயர், அவருடைய பகிரங்கத் திறவுகோல், சான்றிதழின் தொடரிலக்கம், வழங்கியவரின் பெயர், எந்நாள் தொடக்கம் எந்நாள் வரை செல்லும் என்னும் காலவரை, இவை யாவற்றின்கீழும் வழங்கியவர் இட்ட கையொப்பம். வழங்குபவரைச் சான்றளிக்கும் நிலையம் என்பர். அந்நிலையத்துக்கு மேலுள்ள மூலச் சான்றிதழ்கள் நம் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் முன்னரே பதிக்கப்பட்டுள்ளன. நொத்தாரிசுமாரின் பெயர்ப்பட்டியல் நீதிமன்றப் பதிவேட்டில் இருப்பதுபோல இதனைக் கொள்க.

3. கையால் விண்ணப்பித்த காலம்

பல ஆண்டுகளாக இச்சான்றிதழைப் பெறும் முறை கந்தோர்க் கடிதப் போக்குவரத்தை ஒத்திருந்தது. இணையத்தளப் பொறுப்பாளர் தம் சேவையகத்திலே திறவுகோற் சோடியொன்றை ஆக்குவர். பெயரும் பகிரங்கத் திறவுகோலும் அடங்கிய விண்ணப்பப் பத்திரத்தை ஆயத்தஞ் செய்து, அந்தரங்கத் திறவுகோலால் ஒப்பமிட்டு, நிலையத்துக்கு அனுப்புவர். பணம் செலுத்துவர். நிலையம் மின்னஞ்சல் அனுப்பிச் சோதிக்கும். சான்றிதழ் வந்ததும் அதனைச் சேவையகத்திலே பொருத்துவர். ஓரிரு ஆண்டுகள் கழித்து இவையெல்லாம் மீண்டும் ஒருமுறை நிகழ்தல் வேண்டும்.

இந்த 'மீண்டும்' என்பதிலேதான் இடர் பிறக்கின்றது. ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். அதன் இணையத்தளத்தை ஆக்கிய இளைஞர் மேற்படிப்புக்காக வெளிநாடு சென்றுவிடுகிறார். காலவரை முடியப்போவதை நினைவூட்டும் கடிதம் அவர் பயன்படுத்தாத பழைய முகவரிக்குச் செல்கின்றது. நிதி திரட்டும் நாளன்று தளத்தைத் திறக்கும் அன்பர்க்கு, 'இத்தளம் நம்பத்தக்கதன்று' என்னும் எச்சரிக்கையே தோன்றுகின்றது. யாரும் களவு செய்யவில்லை. யாரும் தளத்தைத் தாக்கவுமில்லை. ஒரு தேதி கடந்துவிட்டது, அவ்வளவே.

சிறு சங்கங்களுக்கு மாத்திரமன்று, பெருநிறுவனங்களுக்கும் இவ்விடர் நேர்ந்ததுண்டு. 2018ஆம் ஆண்டு டிசெம்பர் 6ஆந் திகதி இங்கிலாந்தின் 'ஓ2' என்னும் தொலைபேசிச் சேவையிலே தரவுத் தொடர்பு ஏறத்தாழ ஒரு நாள் தடைப்பட்டது. அவ்வலையமைப்பைப் பயன்படுத்தியோர் 3 கோடிக்கு மேற்பட்டோர். யப்பானிலும் அதே நாளில் ஒரு சேவை தடைப்பட்டது. இரண்டுக்கும் கருவி வழங்கிய எறிக்சன் நிறுவனம், தன் மென்பொருளிலிருந்த சான்றிதழொன்று காலாவதியானமையே காரணமென அறிவித்தது. அறிவுக் குறைவால் நேர்ந்த பிழையன்று இது. நாட்காட்டியை நோக்குவார் இல்லாமையால் நேர்ந்த பிழை.

அவ்வாறாயின் காலவரையை நீட்டிவிடலாமே என வாசகர் வினவக்கூடும். நீட்டுதல் தகாது. ஆட்களப் பெயர் கைமாறலாம். அந்தரங்கத் திறவுகோல் களவு போகலாம். இரத்துச் செய்யப்பட்ட சான்றிதழை உலாவிகள் எப்போதும் தவறாது கண்டுகொள்ளும் என்பதற்கும் உறுதியில்லை. ஆதலின், களவுபோன திறவுகோலால் விளையும் கேட்டுக்கு எல்லையிடும் உறுதியான வேலி குறுகிய காலவரையேயாம். இதனாலேயே பகிரங்க இணையத்துக்குரிய சான்றிதழ்களின் உச்சக் காலவரை 2018 மார்ச்சு முதல் 825 நாட்களாகவும், 2020 செப்டெம்பர் முதல் 398 நாட்களாகவும் குறைக்கப்பட்டது. சான்றளிக்கும் நிலையங்களும் உலாவி ஆக்குவோரும் கூடிய மன்றம் 2025 ஏப்பிரிலில் எடுத்த முடிவின்படி, அது 2026 மார்ச்சு 15 முதல் 200 நாட்கள், 2027 மார்ச்சு 15 முதல் 100 நாட்கள், 2029 மார்ச்சு 15 முதல் 47 நாட்கள் எனப் படிப்படியாகக் குறைகின்றது. ஐந்து பெயர்களுக்குத் தனித்தனிச் சான்றிதழ் வைத்திருக்கும் நிறுவனமொன்று, அப்போது ஆண்டுக்கு நாற்பது தடவையேனும் புதுப்பித்தல் வேண்டும். இது கையால் ஆகும் காரியமன்று.

4. தன்னியக்க முறை பிறந்த வரலாறு

நிறுவனங்களுக்குள்ளே கருவிகளுக்குச் சான்றிதழ் வழங்கும் நெறிமுறைகள் முன்னரே இருந்தன. வலையமைப்புக் கருவிகளுக்காக எழுந்த 'ஸ்கெப்' என்பதும், 2013இல் ஆர்.எவ்.சி. 7030 என்னும் இலக்கத்துடன் வெளிவந்த 'ஈ.எஸ்.ரி.' என்பதும் அத்தகையன. ஆயின், நிருவாகி ஒருவர் முன்னரே கொடுத்த இரகசியச் சொல்லோ பழைய சான்றிதழோ இருந்தாலன்றி இவை பெரும்பாலும் இயங்கா. உலகிலுள்ள எவரும், முன்பின் அறிமுகமின்றி, தம் இணையத்தளத்துக்குச் சான்றிதழ் பெறுவதற்கு வேறொரு வழி வேண்டியிருந்தது.

மொசில்லாவைச் சேர்ந்த யோஷ் ஆஸ், எறிக் றெஸ்கோலா என்போரும், எலெக்ற்றோனிக் புறொன்ரியர் பவுண்டேஷனைச் சேர்ந்த பீற்றர் எக்கர்ஸ்லியும், மிச்சிகன் பல்கலைக்கழகத்து அலெக்ஸ் ஹால்டர்மனும் இதனை மேற்கொண்டனர். 2013இல் இலாப நோக்கற்ற நிறுவகமொன்று அமைக்கப்பட்டது. 'லெற்ஸ் என்கிறிப்ற்' என்னும் அதன் சான்றளிக்கும் நிலையம் 2015 செப்டெம்பர் 14இல் முதற் சான்றிதழை வழங்கியது. அதே ஆண்டு டிசெம்பர் 3இல் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டது. கட்டணம் இல்லை, காலவரை 90 நாட்கள். 2020 பெப்புருவரி 27இல் அது 100 கோடியாவது சான்றிதழை வழங்கியது. அந்நிலையமும் விண்ணப்பதாரரின் கணினியும் உரையாடும் நெறிமுறைக்கு 'ஆக்மி' என்று பெயர். தன்னியக்கச் சான்றிதழ் முகாமை என்பது அதன் பொருள். 2019 மார்ச்சிலே அது ஆர்.எவ்.சி. 8555 என நியமமாக வெளிவந்தது. இன்று வேறு நிலையங்கள் பலவும் அதனைக் கைக்கொள்கின்றன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மனிதர் செய்த சோதனையைக் கணினி அப்படியே செய்யத் தொடங்கவில்லை. கணினி செய்யத்தக்கதாய்ச் சோதனையே சுருக்கப்பட்டது. 'நீர் யார்?' என்று ஆக்மி வினவுவதில்லை. 'இப்பெயர் உமது கட்டுப்பாட்டில் உள்ளதா? உள்ளதாயின், நான் சொல்லும் இடத்தில் நான் சொல்லும் எழுத்தை வைத்துக் காட்டுக' என்றே அது வினவுகின்றது.

5. நிரல் நூலகமும் அதன் பணியும்

இந்நெறிமுறையை ஒருவர் முதலெழுத்திலிருந்து தாமே எழுத வேண்டியதில்லை. பிறர் எழுதிச் சோதித்து யாவர்க்கும் திறந்துவைத்த நிரற் பகுதிகளின் தொகுதியை நூலகம் என்பர். பைதன் மொழியிலே 'ஆக்மி' என்னும் பெயருடனேயே ஒரு நூலகம் உண்டு. 2016 முதல் 'சேட்பொட்' என வழங்கும் புகழ்பெற்ற கருவி அதன்மீதே கட்டப்பட்டது. கோ மொழியில் 'லெகோ' என்பது உண்டு. ஆயத்தக் கருவி போதுமானவிடத்து அதனையே பயன்படுத்துக. தம் நிறுவனத்தின் வேறு நிரல்களோடு சான்றிதழ் பெறும் வேலையை இணைக்க வேண்டியோர்க்கே நூலகம் வேண்டற்பாலது. எந்நூலகத்தைக் கொண்டாலும் வேலையின் படிகள் ஏழேயாம்.

முதலாவது, கணக்குத் திறத்தல். நிரலானது கணக்குத் திறவுகோற் சோடியொன்றை ஆக்கி, நிலையத்திலே பதிவு செய்கின்றது. இதன்பின் நிலையத்துக்குச் செல்லும் ஒவ்வொரு செய்தியும் இத்திறவுகோலால் ஒப்பமிடப்படும். அன்றியும், ஒருமுறை மாத்திரம் செல்லுபடியாகும் எண்ணொன்று ஒவ்வொரு செய்தியிலும் வைக்கப்படும். பழைய செய்தியை இடைமறித்து வைத்திருந்து மீண்டும் அனுப்பும் சூழ்ச்சி இதனாற் பலிக்காது.

இரண்டாவது, கட்டளை இடுதல். வேண்டிய ஆட்களப் பெயர்களை நிரல் எழுதி அனுப்புகின்றது. தமிழ்ப் பெயர் உடையோர் ஈண்டு ஒன்றைக் கவனிக்க. '.இலங்கை' என முடியும் பெயர்களும் சான்றிதழில் இடம்பெறலாம். ஆயின் விண்ணப்பத்திலே தமிழெழுத்தை அப்படியே இடலாகாது. 'எக்ஸ்', 'என்' என்னும் உரோமன் எழுத்துகளும் இரு சிறுகோடுகளும் முன்னே வரும் மாற்று வடிவத்திலே இடுதல் வேண்டும். அம்மாற்றத்தைச் செய்யும் வழியும் பைதன் மொழியில் உண்டு.

மூன்றாவது, சோதனையைப் பெறுதல். நிலையம் ஒவ்வொரு பெயருக்கும் எழுமாற்றாய்த் தெரிந்த எழுத்துத் தொடரொன்றை அனுப்புகின்றது. நிரலானது அத்தொடரின் பின்னே ஒரு புள்ளியிட்டு, தன் கணக்குத் திறவுகோலின் பெருவிரலடையாளம் போன்ற சுருக்கத்தைச் சேர்க்கின்றது. அந்நியன் ஒருவன் தனக்கு வந்த தொடரை நம் தளத்திலே வைக்கச் செய்து நம் பெயரைக் கவர்ந்துகொள்ளாதிருத்தற்கே இச்சேர்க்கை.

நான்காவது, விடையை வைத்தல். இதற்கு இரு வழிகள் பெருவழக்கு. ஒன்று, தளத்திலே நெறிமுறை குறித்த இடத்தில் அவ்வெழுத்தைக் கோப்பாக வைத்தல்; நிலையம் சேவையகத்தின் 80ஆம் இலக்க வாயிலூடாக வந்து அதனைப் படிக்கும். மற்றையது, ஆட்களப் பெயர்ப் பதிவிலே அதன் சுருக்கத்தைக் குறிப்பாக எழுதுதல். ஒரு பெயரின் கீழுள்ள கிளைப்பெயர் யாவற்றுக்கும் பொதுவான சான்றிதழை லெற்ஸ் என்கிறிப்ற் 2018 மார்ச்சு தொடக்கம் வழங்குகின்றது. அதனைப் பெறப் பெயர்ப் பதிவு வழியே உரியது. விடை வைக்கப்பட்டதென நிரல் அறிவித்ததும், நிலையம் உலகின் வெவ்வேறு இடங்களிலிருந்து அதனை நோக்குகின்றது. இடைவழியில் ஒருவன் பாதையைத் திருப்பி ஓரிடத்தை ஏமாற்றலாம். பலவிடங்களை ஒருங்கே ஏமாற்றுதல் அரிது.

ஐந்தாவது, விண்ணப்பப் பத்திரம் அனுப்புதல். இதன்பொருட்டு நிரல் வேறொரு திறவுகோற் சோடியை ஆக்குகின்றது. கணக்குத் திறவுகோலும் சான்றிதழ்த் திறவுகோலும் ஒன்றாயிருத்தலை நெறிமுறையே விலக்குகின்றது. மாணவர் இவ்விரண்டையும் மயங்கற்க. அந்தரங்கத் திறவுகோல் சேவையகத்தை விட்டு எக்காலும் வெளிச்செல்வதில்லை. நிலையத்துக்குச் செல்வது பெயரும் பகிரங்கத் திறவுகோலும் ஒப்பமுமே.

ஆறாவது, சான்றிதழைப் பெற்றுப் பொருத்துதல். நம் சான்றிதழோடு இடைநிலைச் சான்றிதழும் வரும். இரண்டையும் ஒருங்கே வைத்தல் வேண்டும். இடைநிலைச் சான்றிதழை விட்டுவிடின் சில உலாவிகளில் தளம் திறக்கும், சிலவற்றில் திறவாது. பிழையைத் தேடுவோர்க்கு இதனால் மயக்கம் உண்டாகும்.

ஏழாவது, புதுப்பித்தல். காலவரையின் மூன்றிலொரு பங்கு எஞ்சும்போதே புதியதைப் பெறுதல் நன்று. 90 நாட் சான்றிதழாயின் 60ஆம் நாளளவில் முயன்றால், முதல் முயற்சி தவறினும் திருத்திக்கொள்ள ஒரு மாதம் உண்டு. நிரலை நாளுக்கு இருமுறை எழுப்பி, தேவையாயின் மாத்திரம் புதுப்பிக்குமாறு வைத்தல் வழக்கம்.

6. நிரல் எழுதுவோர் வழுவும் இடங்கள்

பயிலும்போது ஒத்திகைச் சேவையகத்தையே பயன்படுத்துக. லெற்ஸ் என்கிறிப்ற் அதனைத் தனியே நடத்துகின்றது. உண்மையான நிலையத்தில் ஒரே பெயர்த்தொகுதிக்கு ஏழு நாட்களில் ஐந்து சான்றிதழ்களுக்கு மேல் வழங்கப்படா. பிழையுள்ள நிரலைத் திரும்பத் திரும்ப ஓட்டிய ஒருவர், பிழையைத் திருத்திய பின்னரும் காத்திருக்க நேரும்.

புதிய சான்றிதழ் கோப்பிலே வந்து சேர்ந்தாலும், சேவையக நிரல் பழையதையே நினைவில் வைத்திருக்கும். அதனை மீண்டும் படிக்குமாறு ஏவுதல் வேண்டும். இவ்வேவலை மறந்த தளத்திலே, கோப்பு நேற்றுப் புதுப்பிக்கப்பட்டிருப்பினும், வருவோர்க்குக் காட்டப்படுவது காலாவதியான சான்றிதழே. ஆதலாற் சோதிப்போர் கோப்பை நோக்குதல் போதாது. வெளியே நின்று, வருவோரைப்போலத் தளத்தைத் திறந்து, அது காட்டும் காலவரையை நோக்குதல் வேண்டும்.

பெயர்ப் பதிவு வழியைக் கைக்கொள்வோர் மேலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். பெயர்ப் பதிவை மாற்றும் அதிகாரச் சொல்லைச் சேவையகத்திலே வைத்தல், சாவிக்கொத்தைத் திண்ணையிலே தொங்கவிடுதலை ஒக்கும். சேவையகத்துட் புகுந்தவன் பெயர் முழுவதையும் கவர்ந்துகொள்வான். சோதனைக் குறிப்புக்குரிய கிளையை மாத்திரம் வேறொரு பதிவுக்குத் திருப்பிவிட்டு, அச்சிறு பதிவின் அதிகாரத்தை மட்டும் நிரலுக்குக் கொடுத்தல் தக்கது. இன்ன நிலையமே நம் பெயருக்குச் சான்றளிக்கலாம் எனப் பெயர்ப் பதிவிலே எழுதிவைக்கவும் வழியுண்டு. 2017 செப்டெம்பர் முதல் நிலையங்கள் யாவும் அக்குறிப்பை நோக்கிய பின்னரே சான்றளித்தல் வேண்டும்.

இக்குறிப்பை நோக்குவதிலே லெற்ஸ் என்கிறிப்ற் நிலையத்தின் நிரலிலே ஒரு வழு இருந்தமை 2020 பெப்புருவரி 29இல் வெளிப்பட்டது. 30 இலட்சத்துக்கு மேற்பட்ட சான்றிதழ்களைச் சில நாட்களுள் இரத்துச் செய்ய வேண்டியதாயிற்று. நிலையம் தன் வழுவை மறையாது உடனே அறிவித்தது. குறித்த தவணைக்குள் 17 இலட்சத்துக்கு மேற்பட்டவை இரத்தாயின. எஞ்சியவற்றை உடனே இரத்துச் செய்தால் எண்ணற்ற தளங்கள் தடைப்படுமென அஞ்சி, நிலையம் அவற்றைத் தவணை கடக்கவிட்டது. தன்னியக்கம் என்பது நாட்காட்டிப்படி புதுப்பித்தல் மாத்திரமன்று, அவசர வேளையில் ஒரே ஏவலிற் புதுப்பிக்கும் ஆற்றலும் ஆகும் என்பதை இந்நிகழ்ச்சி கற்பித்தது.

7. சான்று எதற்குச் சான்று?

பள்ளிக்கூடத்தை விட்டு நீங்கும் மாணவன் அதிபரிடம் நற்சான்றிதழ் பெறுகின்றான். அது அவனுடைய ஒழுக்கத்துக்குச் சான்று. தன்னியக்கமாய்ப் பெறப்படும் இலத்திரனியற் சான்றிதழோ ஒழுக்கத்தைப் பற்றி ஒன்றுங் கூறுவதில்லை. 'இத்திறவுகோலை உடையவர் சோதித்த வேளையில் இப்பெயரைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார்' என்பதே அது கூறும் முழுவதும். வங்கியின் பெயரில் ஓரெழுத்தை மாற்றிப் புதுப்பெயர் பதிந்த வஞ்சகனும், அப்புதுப்பெயருக்கு முறைப்படி சான்றிதழ் பெறலாம். அவனோடு நாம் பேசுவதை இடையில் எவரும் ஒட்டுக்கேட்க இயலாது. ஆயினும் பேசுவது வஞ்சகனோடுதான். உலாவியிற் கண்ட பூட்டுச் சின்னத்தை மக்கள் நேர்மைக்கு அடையாளமெனப் பிழைபடக் கொண்டமையாலேயே, 2023இல் குரோம் உலாவி அச்சின்னத்தை நீக்கிற்று. பெயரின் ஒவ்வோரெழுத்தையும் கூர்ந்து படிக்கும் கடமை இன்றும் நம்முடையதே.

சான்றளிப்போரும் வழுவக்கூடும். ஒல்லாந்து நாட்டின் டிஜிநோட்டார் என்னும் நிலையத்தினுள் 2011இல் அந்நியர் புகுந்து, கூகிளின் பெயர் உட்பட 500க்கு மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை ஆக்கிக்கொண்டனர். ஈரான் நாட்டு மக்களின் மின்னஞ்சலை ஒற்றறிதற்கு அவை பயன்பட்டன. உலாவிகள் அந்நிலையத்தைத் தம் பட்டியலினின்றும் நீக்கின. அதே ஆண்டு செப்டெம்பரில் அது முறிவடைந்தது. இதன் விளைவாய் எழுந்ததே, வழங்கப்படும் சான்றிதழ்களை யாவரும் காணுமாறு பகிரங்கப் பதிவேடுகளில் எழுதும் முறை. நம் பெயருக்கு நாம் கேளாத சான்றிதழ் வழங்கப்பட்டுள்ளதா என்பதை அப்பதிவேடுகளில் எவரும் நோக்கலாம். நோக்குவார் இல்லாவிடிற் பதிவேட்டால் யாது பயன்?

8. முடிவுரை

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல் வாங்கல் சட்டம் நம் நாட்டிலே இலத்திரனியல் ஆவணங்களுக்கும் ஒப்பங்களுக்கும் சட்ட மதிப்பை அளித்தது. எனினும் காணி விற்பனை, மரணசாசனம், அற்றோணித் தத்துவம் போன்றவற்றை அது தன் எல்லைக்குப் புறத்தே நிறுத்திற்று. சில காரியங்களிலே, மனிதன் மனிதனை நேரிற் கண்டு அறிதல் வேண்டுமென்னும் எண்ணம் அதிலே தொனிக்கின்றது. நாம் கூறிய தன்னியக்க முறைக்கும் இவ்வெண்ணத்துக்கும் முரண் இல்லை. பெயர் யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளதென நோக்குதலும், பத்திரம் நிரப்புதலும், தேதி தவறாது மீண்டும் செய்தலும் எழுதுவினைஞர் வேலை. அதனைக் கணினி நம்மினுஞ் செவ்வையாய்ச் செய்யும். சோர்வதில்லை, வெளிநாடு செல்வதில்லை, மறப்பதுமில்லை.

ஆயின், திறவுகோல் எங்கே வைக்கப்பட்டுள்ளது, அதனைப் படிக்கும் உரிமை எவர்க்கு உண்டு, நிரல் நின்றுவிட்டால் அச்செய்தி யார் காதுக்கு எட்டும், அவர் விலகிய பின் அப்பொறுப்பு யாரைச் சேரும் என்பனவற்றை எந்நூலகமும் தீர்மானித்துத் தராது. காலாவதியாகும் சான்றிதழ்களை நினைவூட்டி எழுதும் மின்னஞ்சல்களை லெற்ஸ் என்கிறிப்ற் 2025 யூனில் நிறுத்திவிட்டது. இனி நினைவூட்டுவதும் நம் பொறுப்பே. எனவே, இணையத்தளம் உடைய ஒவ்வொரு சங்கமும் கழகமும், ஆட்களப் பெயர் எவர் பெயரில் உள்ளது, நிரல் எச்சேவையகத்தில் ஓடுகின்றது, எச்சரிக்கை எம்முகவரிக்குச் செல்கின்றது என்னும் மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் செயலாளரின் கோப்பிலே வைத்தல் வேண்டும். முகவரி ஓராளுடையதாயிராது பதவிக்குரியதாயிருத்தல் வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே கணக்கறிக்கையை வாசிக்கும்போது அத்தாளையும் ஒருமுறை வாசிப்பின், பொறுப்பு ஓராளிடமிருந்து மற்றோராளுக்கு முறையாகக் கைமாறும்.

இன்று வகுப்பறையிலே பைதன் மொழி பயிலும் மாணவர், ஒத்திகைச் சேவையகத்தின் துணைகொண்டு இவ்வேழு படிகளையும் ஒருமுறை தாமே செய்து பார்ப்பாராக. செலவு சிறிது, பயனோ பெரிது. நாளை ஒரு வைத்தியசாலையின், ஒரு கூட்டுறவுச் சங்கத்தின், ஒரு வங்கியின் திறவுகோல் அவர்தம் கையில் வரும். அன்று, இயந்திரம் செய்யும் வேலையை இயந்திரத்துக்கு விட்டு, தாம் செய்ய வேண்டிய காவலைத் தாமே செய்வாராயின், அவரைப் பயிற்றிய கல்லூரிக்கு அதனினும் சிறந்த நற்சான்று வேறு யாது வேண்டும்?